இரண்டு மாதத்தின் விலை

சிறு செல் நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோதெரபியுடன் எதிர்ப்பு சக்தி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பது சோதனைகளில் நிரூபணமாகிவிட்டது. எத்தனை பேருக்கு அது எட்டும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில் காலை ஆறு மணிக்கே வெற்றிலைக் கட்டுகள் வந்து இறங்கிவிடுகின்றன. தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடைகளில் மல்லிகை முழம் போடும் கைகள் ஓய்வதில்லை. சின்ன கடியாரம் என்று உள்ளூர்க்காரர்கள் அழைக்கும் சிறிய மணிக்கூண்டைத் தாண்டி சயாஜி ராவ் சாலைக்கு வந்தால், நடந்து போகும் தூரத்தில் கே.ஆர். ஆஸ்பத்திரி. மார்க்கெட்டுக்குச் சரக்கோடு வருபவர்களும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டோடு வருபவர்களும் ஒரே ஓட்டல்களில்தான் காபி குடிக்கிறார்கள்.

அப்படியொரு ஓட்டலில்தான் அந்தப் பெரியவர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். முப்பது வருடங்களுக்கு மேலாக மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். கூட வந்திருந்த மகள் பேசுவது தமிழ், படித்தது கன்னடம். காகிதமோ ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பு வேலை செய்பவன் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

நோயின் பெயரை வாசித்துத் தமிழில் சொன்னேன்: சிறு செல் நுரையீரல் புற்றுநோய். அவர் முகம் தெளிந்தது. “சின்ன செல்லுன்னா சின்ன வியாதிதானே சார்?” என்றார்.

மொழிபெயர்ப்பில் சொல் சரியாக இருந்தும் பொருள் தவறாகப் போய்ச் சேருவது உண்டு. அன்று நடந்தது அதுதான். நுண்ணோக்கியில் பார்க்கும்போது இந்தப் புற்றின் செல்கள் சிறியவையாகத் தெரிவதால் வந்த பெயர் அது. நோயின் சுபாவம் நேரெதிர். நுரையீரல் புற்றுநோய்களில் நூற்றுக்குச் சுமார் 15தான் இந்த வகை. ஆனால் வேகத்தில் இதுதான் முன்னணியில் நிற்கிறது. ஈரல், எலும்பு, மூளை என்று சீக்கிரமே பரவும். கண்டுபிடிக்கப்படும்போதே மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு மார்பின் ஒரு பக்கத்தைத் தாண்டிப் பரவியிருக்கும். அறுவை சிகிச்சைக்கு அநேகமாக இடமே இருப்பதில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புகையிலைப் பழக்கத்தோடு மிக நெருக்கமாகப் பிணைந்த புற்றுநோய்களில் இது ஒன்று. புகைக்காதவர்களுக்கு இது வருவது அபூர்வம். மைசூர் மாவட்டத்தின் ஹுன்சூர், பெரியபட்டணா தாலூகாக்களில் மானாவாரி நிலங்களில் சிகரெட் புகையிலை விளைகிறது. புகையிலை வாரியத்தின் ஏல மையங்களும் அங்கே உண்டு. விளைச்சலில் பெரும்பங்கு கப்பலேறிவிடுகிறது. பெரியவர் ஊதிய பீடிக்கான தூள் வேறு பக்கத்திலிருந்து வருவது. எந்த மண்ணில் விளைந்த புகையிலை என்று நுரையீரல் பார்ப்பதில்லை. 2022ல் இந்தியாவில் சுமார் 80,000 பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 75,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே நோயின் கடுமையைச் சொல்லிவிடும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். எக்ஸ்ரேயில் தெரியும் நிழலும் குழப்பும். காசநோய் மாத்திரைகளை விழுங்கியபடியே மாதங்களைத் தொலைத்துவிட்டு வரும் புற்றுநோயாளிகள் ஏராளம். பெரியவரும் அப்படி இரண்டு மாதம் தொலைத்தவர்தான். வாரக்கணக்கில் வளரும் நோய்க்கு இரண்டு மாதம் என்பது பெரிய சலுகை.

சிகிச்சை என்ன? 1980களிலிருந்து விடை ஏறக்குறைய ஒன்றேதான்: பிளாட்டினம் கலந்த மருந்து ஒன்று, கூடவே எடோபோசைட். சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் புற்றுசெல்லின் மரபணு இழையைச் சிதைக்கிறது. எடோபோசைட் அந்த இழையை ஒட்டுப்போட விடாமல் தடுக்கிறது. எடோபோசைட்டின் பூர்வீகத்தில் இமயமலைக்கும் பங்குண்டு. அங்கே வளரும் ஒரு செடியின் வேர்த்தண்டில் கிடைக்கும் போடோபில்லோடாக்சின் என்ற பொருளிலிருந்துதான் அதைத் தயாரிக்க முடிந்தது.

இந்த ஜோடி ஆரம்பத்தில் அற்புதமே செய்துகாட்டும். நூற்றுக்கு அறுபது, எழுபது பேருக்குக் கட்டி சுருங்கிவிடுகிறது. மூச்சு இறங்குகிறது, பசி எடுக்கிறது, குடும்பம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தப் போகிறது. சில மாதங்களில் நோய் திரும்பி வருகிறது. இந்த முறை அதே மருந்துக்கு மசிவதில்லை. பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் பத்து மாதத்தை ஒட்டியே முப்பது ஆண்டுகள் நின்றது. இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்குள் இறந்துவிடுகிறார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டுகிறார்கள். எத்தனையோ புதிய மருந்துகள் வந்து மோதிப் பார்த்துவிட்டுத் தோற்றுப் போயின.

இந்தச் சுவரில் முதல் விரிசல் 2018ல் விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்தது வேறொரு யோசனை. உடலின் எதிர்ப்பு சக்தியில் டி செல்கள் என்ற காவலர்கள் உண்டு. கண்மூடித்தனமாகத் தாக்கி சொந்த உடலையே நாசம் செய்துவிடாமலிருக்க அவற்றுக்குப் பிரேக்குகளும் உண்டு. சில புற்றுசெல்கள் தந்திரமாக அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பிவிடுகின்றன. பிரேக்கிலிருந்து காலை எடுக்க வைத்தால்? அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசனும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவும் தனித்தனியே கண்டறிந்தது இதைத்தான். 2018 அக்டோபர் 1ந்தேதி இருவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

அதற்குச் சரியாக ஆறு நாட்களுக்கு முன்பு, செப்டம்பர் 25ந்தேதி, ‘நியூ இங்கிலண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இம்பவர்133 என்ற சோதனையின் முடிவு வெளியாகியிருந்தது. பரவிய நிலையில் இருந்த 403 சிறு செல் நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் வழக்கமான கார்போபிளாட்டினும் எடோபோசைட்டும் உண்டு. கூடுதலாக 201 பேருக்கு அடெசோலிசுமாப் என்ற எதிர்ப்பு சக்தி மருந்து. மீதி 202 பேருக்கு அதே மாதிரித் தோன்றும் மருந்தில்லாத திரவம்.

யாருக்கு எது? இதை டாக்டரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. உத்திரமேரூரின் குடவோலையை நினைத்துக்கொள்ளலாம். குடத்தில் கைவிட்டு எடுத்த ஓலையில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வாரிய உறுப்பினர் என்று பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு விதி சொல்கிறது. வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பதைத் தடுக்க அது ஒரு வழி. மருத்துவ சோதனையிலும் நோக்கம் அதுவே. தெம்பாக இருப்பவர்களையெல்லாம் புதிய மருந்துப் பக்கம் தள்ளிவிட்டால் மருந்து ஜெயித்ததா, தெம்பு ஜெயித்ததா என்று தெரியாமல் போய்விடும். எது கொடுக்கப்படுகிறது என்பதும் இந்தச் சோதனையில் இரு தரப்புக்கும் மறைக்கப்பட்டிருந்தது.

மருந்தில்லாத அந்தத் திரவத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று சோதனைகளின் ஒப்புதல் படிவங்களை மொழிபெயர்க்கும்போதெல்லாம் நான் திண்டாடியிருக்கிறேன். அகராதி ‘போலி மருந்து’ என்கிறது. அதைக் கேட்டதும் நம் ஊரில் யாருக்கும் தோன்றுவது கலப்பட மாத்திரையும் போலீஸ் ரெய்டும்தான். ‘சோதனை’ என்ற சொல்லே கடவுள் தரும் கஷ்டத்துக்கும் பெயராக இருக்கும் மொழி இது. ‘மருந்துச் சத்து இல்லாதது’ என்று எழுதிவிட்டு, ‘ஆனால் உங்களுக்கு வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படாது’ என்று ஒரு வாக்கியத்தை ஒட்டினால்தான் மனம் சமாதானமடைகிறது. இம்பவர் சோதனையிலும் யாரையும் வெறுங்கையோடு விடவில்லை. அன்றைக்கிருந்த சிறந்த சிகிச்சை எல்லோருக்கும் கிடைத்தது.

முடிவு: கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 10.3 மாதம். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 12.3 மாதம். ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் நூற்றுக்கு 38 பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாவது பிரிவில் 52 பேர். 2019 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டில் 537 பேரை வைத்து நடந்த காஸ்பியன் சோதனை, துர்வாலுமாப் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து ஏறக்குறைய அதே விடையைத் தந்தது: 10.3 மாதத்துக்கு எதிராக 13 மாதம்.

இதற்கிடையில் தோல்விகளும் உண்டு. அல்லிசனின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த இபிலிமுமாப் மருந்தை 1,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனையில் கீமோவுடன் சேர்த்தும் பலனில்லை என்று 2016லேயே தெரிந்துவிட்டது. கீமோ இல்லாமல் தனியாகக் கொடுக்க நிவோலுமாபுக்கு 2018ல் அமெரிக்கா வழங்கிய விரைவு அனுமதி, அடுத்து வந்த சோதனைகள் கைகொடுக்காததால் 2020 டிசம்பரில் வாபஸ் ஆயிற்று. காஸ்பியனிலேயே இரண்டு எதிர்ப்பு சக்தி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிரிவு எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. சேர்க்கையில் எல்லாமே எல்லாவற்றுடனும் ஒட்டுவதில்லை.

கீமோவுடன் ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம் இது: கீமோவில் சாகும் புற்றுசெல்கள் உடைந்து தங்கள் அடையாளங்களைச் சிதறவிடுகின்றன. காவலர்களுக்கு எதிரியின் முகம் தெரிகிறது. அதே நேரத்தில் பிரேக்கும் தளர்ந்தால் தாக்குதல் வலுக்கிறது. காகிதத்தில் இது கச்சிதமாக இருக்கிறது. நடைமுறையில் சிறு செல் புற்று தன் அடையாளங்களை மறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன். அதனால்தான் லாபம் இரண்டு மாதத்தோடு நின்றுவிடுகிறது.

ஆனால் அந்த ‘இரண்டு மாதம்’ முழுக்கதை ஆகாது. காஸ்பியன் நோயாளிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, கீமோ மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். சேர்க்கை சிகிச்சை பெற்றவர்களில் 17 அல்லது 18 பேர். அதாவது பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்; சிலருக்குக் கிடைப்பது ஆண்டுகள். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான பரிசோதனை எதுவும் கைவசமில்லை.

பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி சில நேரம் சொந்த வீட்டுச் சுவரிலும் மோதும். தோலில் தடிப்பு, தைராய்டு கோளாறு, குடல் அழற்சி, அபூர்வமாக நுரையீரல் அழற்சி. இம்பவர் சோதனையில் இந்த வகைத் தொந்தரவுகள் சேர்க்கைப் பிரிவில் நூற்றுக்கு 40 பேருக்கும், மற்ற பிரிவில் 25 பேருக்கும் வந்தன. பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. ஆனால் வயிற்றுப்போக்கு என்று அலட்சியமாக இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நோய் பரவுவதற்கு முன்பே பிடிபட்டால் நிலைமை இன்னும் நம்பிக்கை தருகிறது. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின் துர்வாலுமாப் கொடுத்த அட்ரியாடிக் சோதனையின் முடிவுகள் 2024ல் வெளிவந்தன. இடைநிலை ஆயுள் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக உயர்ந்தது. இந்த நோயில் இப்படியொரு எண்ணை டாக்டர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெரியவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த காகிதம் சோதனையில் சேரச் சொல்லவில்லை. இரண்டு வழிகளை வைத்து ஒன்றில் கையெழுத்து கேட்டது. கீமோ மட்டும் என்றால் ‘ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா’ அட்டையிலேயே முடித்துக்கொள்ளலாம். புதிய மருந்தும் வேண்டுமென்றால் கையிலிருந்து போட வேண்டும். கீமோ மருந்துகளின் விலை ஆயிரங்களில். எதிர்ப்பு சக்தி மருந்தின் விலை ஒரு தவணைக்கே லட்சங்களில். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தவணை, நோய் கட்டுக்குள் இருக்கும்வரை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் என்ற காப்பீட்டு உச்சவரம்பு சில தவணைகளிலேயே கரைந்துவிடும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் சுங்க வரியிலிருந்து முழுவிலக்கு அளித்த மூன்று புற்றுநோய் மருந்துகளில் துர்வாலுமாபும் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. முழுவதும் நீக்கப்பட்ட உயிர்காக்கும் மருந்துகளின் பட்டியலில் அடெசோலிசுமாப் இருக்கிறது. ஆனால் லட்சங்களில் இருக்கும் விலையில் வரி போனாலும் லட்சங்கள் போவதில்லை.

இங்கேதான் மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை கேட்ட கேள்வி கவனத்துக்குரியது. ஏழை நாடுகளில் எதிர்ப்பு சக்தி மருந்து தேவைப்படுபவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மேல் அது எட்டுவதில்லை என்பதிலிருந்து அங்குள்ள டாக்டர்கள் ஆரம்பித்தார்கள். இவ்வளவு அளவு மருந்து நிஜமாகவே தேவையா? வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் விலை குறைந்த மாத்திரைக் கீமோ. பாதிப்பேருக்குக் கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். 2022ல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16லிருந்து 43 ஆக உயர்ந்தார்கள்.

அந்த விடையை அப்படியே நுரையீரலுக்கு எடுத்துப் போட முடியாது. நோய் வேறு, மருந்து வேறு, கூடச் சேர்க்கும் கீமோவும் வேறு. குறைந்த அளவு சிறு செல் புற்றுக்கும் போதுமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அளவைக் குறைத்து விற்பனையைக் குறைக்கும் சோதனைக்கு மருந்துக் கம்பெனிகள் பணம் போடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பொதுப் பணத்தில்தான் அது நடக்க வேண்டும்.

நடக்காத காரியம் என்று தள்ளிவிடத் தேவையில்லை. நம் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மைசூரில் கே.ஆர்.எஸ். சாலையில் இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரில் ஒரு காசநோய் மருத்துவமனை உண்டு. மைசூர் மகாராஜாவின் சகோதரியான அவரையே காசநோய் கொண்டுபோனது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு, அதாவது சானடோரியம் என்பதுதான் அந்தக் காலத்துச் சிகிச்சை. மருந்துகள் வந்த பிறகும் இந்தியாவின் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? 1956ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் கீமோதெரபி மையம் இதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு ஆகியவை கைகோத்திருந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் முன்னின்று நடத்தினார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப்பேரை சானடோரியத்தில் வைத்தார்கள். மீதிப்பேர் நெரிசலான வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டிலேயே, அதே இரு மருந்துச் சேர்க்கையைச் சாப்பிட்டார்கள்.

1959ல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். பணக்கார நாடுகளும் சானடோரியங்களைப் பிற்பாடு மூடின. ஏழைக்கு எட்டுகிற சிகிச்சை போதுமானதா என்று நேர்மையாகக் கேட்ட ஒரு சோதனை, எல்லோருக்குமான விடையைத் தந்தது.

ஓட்டலில் காபி ஆறிவிட்டிருந்தது. மகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கூடுதல் மருந்து போட்டால் அப்பா நிச்சயம் பிழைப்பாரா? நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை டாக்டரிடமே இன்னொரு முறை கேளுங்கள் என்று சொன்னேன். கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கன்னடத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டார். ஊரில் ஒரு மனையும் இரண்டு பசுக்களும் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அவற்றை விற்றால் எத்தனை தவணை வரும் என்று தாளின் ஓரத்தில் போட்ட கணக்கு மூன்றில் நின்றது.

பெரியவர் கீமோ மட்டும் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார், தமிழில், எழுத்துக் கூட்டி. மனையை விற்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார். அந்த முடிவை அவர் சிந்தித்துத்தான் எடுத்தார். தப்பென்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் அந்தப் படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும்: அவரால் வாங்க முடிகிற அளவில், நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்த சேர்க்கை சிகிச்சை. அந்தக் கட்டத்தை மொழிபெயர்க்க எனக்கு ஒரு நாள் போதும். அதை உண்டாக்கும் சோதனைக்குச் சில வருடங்கள் ஆகும். சீக்கிரம் தொடங்குவது நல்லது.